இருவருக்கும் போதுமான காற்று: ஸ்கூபா பற்றி மலை வாசகர்கள் கேட்டவை

ஸ்கூபா டைவிங்கில் ஒருவருக்கு நடுவில் காற்று தீர்ந்துபோனால், கூட வந்தவரின் சிலிண்டரிலிருந்தே இருவரும் சுவாசித்துக்கொண்டு மேலே வரலாம் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். விடுமுறைக்கு ஊட்டிக்கு வருகிறவர்கள் ஒருபக்கம் இருக்க, ஊட்டியிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்த இதழ் முழுக்க உங்கள் கேள்விகளுக்குத்தான்.

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: நானும் மனைவியும் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவ் கோர்ஸ் முடித்துவிட்டோம். இப்போது சொந்தமாக ரெகுலேட்டர் (சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வாங்கப் போகிறோம். எனக்கு நீளமான ஹோஸ் வைத்த அமைப்பு பிடித்திருக்கிறது. மனைவியோ பயிற்சியில் பழகிய மஞ்சள் ஆக்டோபஸே (அடுத்தவருக்கான மாற்று ரெகுலேட்டர்) போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டுமே நல்ல அமைப்புதான். எனக்கு இடறுவது வேறு விஷயம். நீங்கள் உங்களுக்குப் பிடித்ததைப் பார்க்கிறீர்கள், அவர் தனக்குப் பிடித்ததைப் பார்க்கிறார். ஆனால் காற்று தீர்ந்துபோகிற அந்த நிமிடத்தில் உங்கள் கை தேடப்போவது உங்கள் மனைவியின் ரெகுலேட்டரை. அவருக்கு அப்படி நடந்தால் அவர் கை உங்களுடையதைத் தேடி வரும். ஆக, கடையில் நீங்கள் வாங்குவதில் பாதி அவருக்காக வாங்குவது. அவர் கை பழகாத ஒன்றை நீங்கள் மாட்டிக்கொண்டு போனால், அது எவ்வளவு சிறந்த அமைப்பாக இருந்தாலும் அவருக்கு என்ன பயன்?

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வழக்கமான அமைப்பில் உங்கள் வாயில் இருக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜுக்கு 70, 75 செ.மீ. ஹோஸ் இருக்கும். அடுத்தவருக்கென்று வைத்திருக்கும் ஆக்டோபஸுக்கு 90 முதல் 100 செ.மீ. வரை, பார்த்ததும் தெரிகிற மாதிரி மஞ்சள் நிறத்தில். அதை முகவாய்க்கும் இரண்டு பக்க விலா எலும்பின் கீழ் முனைகளுக்கும் நடுவில் உள்ள முக்கோணத்துக்குள் மாட்டி வைக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கேட்பவருக்கு அதை எடுத்துக் கொடுக்கிறீர்கள், உங்கள் வாயில் இருப்பது வாயிலேயே இருக்கிறது, கொடுப்பவருக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் கருவிகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் முன்பின் தெரியாதவருடன் ஜோடி சேர்த்து அனுப்பினாலும் அவருக்கு இது புரியும்.

இதன் பலவீனம் என்ன என்றால், அந்த ஆக்டோபஸில் யாரும் சுவாசிப்பதே இல்லை. கிளிப்பிலிருந்து கழன்று பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும், மணலை அள்ளும், பவளப்பாறையில் தட்டும், அதை மாட்டியிருப்பவருக்கே தெரியாது. தேவைப்படும்போது கை வைத்தால் இருந்த இடத்தில் இருக்காது. அப்புறம் இன்னொன்று, பயந்துபோன மனிதர் மஞ்சள் நிறத்தைத் தேடுவார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. குமிழி வருவது எங்கே என்று பார்த்து, உங்கள் வாயில் இருப்பதையே பிடுங்க வரலாம்.

நீள ஹோஸ் அமைப்பு ஃபுளோரிடாவின் நீருக்கடிக் குகைகளில் வளர்ந்தது. வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவரின் பெயரால் இதற்கு ஹோகார்த்தியன் என்று பெயர். அங்கே இருவர் பக்கம் பக்கமாகப் போக இடம் இருக்காது, ஒருவர் பின் ஒருவராகத்தான் நெருக்கமான வழியில் வெளியே வர வேண்டும், அதனால் 2.1 மீட்டர் ஹோஸ். இதில் உங்கள் வாயில் இருப்பதைத்தான் கொடுப்பீர்கள். உங்களுக்கான மாற்று, 55 செ.மீ. போன்ற சின்ன ஹோஸில், ரப்பர் கயிற்றில் கோத்து முகவாய்க்குக் கீழேயே மாலை மாதிரி தொங்கும். கையால் தேடவே வேண்டாம், தலையைக் குனிந்தாலே வாய்க்கு வந்துவிடும். வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு நொடி முன்வரை ஒருவர் சுவாசித்துக்கொண்டிருந்த ரெகுலேட்டர், வேலை செய்யுமா என்ற சந்தேகமே இல்லை. பிடுங்க வருபவரும் சரியானதைத்தான் பிடுங்குகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே என் மனம் இந்தப் பக்கம் சாய்கிறது.

ஆனால் குகைக்குள் போகாத உங்களுக்கு 2.1 மீட்டர் எதற்கு? அதைச் சுற்றிச் செருகி வைப்பதே ஒரு வேலை. வாயில் இருக்கும் ரெகுலேட்டருக்கு 100 செ.மீ. ஹோஸ் போட்டு, வலது கைக்கு அடியில் கொண்டுவந்து, ரெகுலேட்டர் சேரும் இடத்தில் வளைவு மூட்டு ஒன்று வைத்துக்கொண்டால் போதும். மாற்று கழுத்தில். இருவரும் இதையே வாங்குங்கள் என்பது என் யோசனை. மனைவிக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இருவரும் மஞ்சள் ஆக்டோபஸ் வாங்குங்கள், அதிலும் எனக்கு முழுச் சம்மதம். ஒருவருக்கு இது, இன்னொருவருக்கு அது என்று மட்டும் வேண்டாம். நம் மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி என்பது ஓட்டுகிற எல்லாருக்கும் முன்பே தெரியும், அதனால்தான் கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டு யாரும் பேச வேண்டியதில்லை. தண்ணீருக்கு அடியில் பேசவே முடியாது.

கடைக்காரர் மூன்றாவதாக ஒன்று காட்டுவார். மிதப்பதற்குக் காற்று நிரப்பும் சட்டையான பி.சி.டி.யின் இன்ஃப்ளேட்டரிலேயே (அந்தக் காற்றை ஏற்றி இறக்கும் கருவி) செகண்ட் ஸ்டேஜ் சேர்ந்திருக்கும், ஒரு ஹோஸ் மிச்சம், பார்க்க அழகு. இதிலும் வாயில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், பிறகு நீங்கள் இன்ஃப்ளேட்டரிலிருந்து சுவாசிக்க வேண்டும். மேலே ஏறும்போது அதே கருவியால்தான் பி.சி.டி.யின் காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஹோஸ் குட்டை என்பதால் தலையைத் திருப்புவதும் கஷ்டம். நன்றாகப் பழகியவர்கள் வைத்துக்கொள்ளட்டும், முதல் செட்டாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

சிலிண்டரில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பயந்துபோன இருவர் ஒரே நேரத்தில் இழுத்துச் சுவாசிக்கும் காற்று முழுவதும் அந்த ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 250-ன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, இருவர் சுவாசிக்கும் நிலையிலும் சோதிக்கப்பட்ட ரெகுலேட்டருக்கு 250ஏ என்ற முத்திரை தருகிறார்கள். வாங்கும்போது அதைத் தேடுங்கள்.

வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர்: எங்கள் காலத்தில் ஒரே மவுத்பீஸை இருவர் மாற்றி மாற்றி, உனக்கு இரண்டு மூச்சு எனக்கு இரண்டு மூச்சு என்று சுவாசித்துக்கொண்டே மேலே வருவோம். இப்போது பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஏன் விட்டுவிட்டார்கள்?

ஐயா, நீங்கள் பழகியது கடினமான வித்தை, அதைச் செய்து காட்டியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. மவுத்பீஸ் கையைவிட்டுப் போயிருக்கும் அந்தச் சில நொடிகளில், ஏறிக்கொண்டிருக்கும் டைவர் சின்னச் சின்னக் குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கிவிட்டால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். 10 மீட்டர் ஆழத்தில் இருந்த காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. காற்றுக்காகத் துடிப்பவர், கைக்குக் கிடைத்த மவுத்பீஸைத் திருப்பித் தராமல் போனாலோ, பிரச்சினை இல்லாமல் இருந்தவரும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்.

உங்களுக்கு அது கைவந்தது நீண்ட பயிற்சியால், ஒரே ஆட்களுடன் திரும்பத் திரும்பச் செய்ததால். இன்றைக்கு விடுமுறைக்கு வருகிறவருக்கு மூன்று நான்கு நாளில் கோர்ஸ் முடிகிறது, அடுத்த டைவுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகிறது. அந்த இடைவெளியில் மறந்துபோகக் கூடியதை நம்பி அனுப்புவதைவிட, ஆளுக்கொரு மாற்று ரெகுலேட்டரை மாட்டி அனுப்புவது மேல் என்று ஆரம்பநிலைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் அதை ஆதரிக்கிறேன்.

அருவங்காட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சிலிண்டரில் 50 பார் (காற்றின் அழுத்த அளவு) மிச்சம் இருக்கும்போது படகில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த 50 பார் இருவருக்கும் போதுமா?

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஹோஸ் நீளத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. சிலிண்டரில் இருவருக்கான காற்று இல்லை என்றால் எந்த ஹோஸாலும் பயனில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம், பேனாவை எடுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர். அதாவது சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜில் ஒரு பார் குறைந்தால் 11.1 லிட்டர் காற்று போயிருக்கிறது. நிதானமாக இருப்பவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் சுவாசிப்பார். பயந்தவர் அப்படிச் சுவாசிக்க மாட்டார், 30 என்று வைத்துக்கொள்வோம். காற்று கொடுப்பவருக்கும் படபடப்பு இருக்கும், அவருக்கும் 30. இருவருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 60 லிட்டர். ஆழத்தில் இதை அங்குள்ள அழுத்தத்தால் பெருக்க வேண்டும்.

18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். சைகை காட்டி, ரெகுலேட்டர் கைமாறி, இருவரும் நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் என்று வைத்தால் 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற 2 நிமிடம், வழியில் சராசரி அழுத்தம் 1.9, ஆக 228 லிட்டர். 5 மீட்டரில் பாதுகாப்புக்காக நிற்கும் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப்புக்கு 270. மொத்தம் 666 லிட்டர். 11.1-ஆல் வகுத்தால் 60 பார்.

இதையே 30 மீட்டருக்குப் போடுங்கள். அங்கே அழுத்தம் 4 பார், முதல் நிமிடத்துக்கே 240 லிட்டர். ஏறுவதற்கு மூன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், 500 லிட்டர். ஸ்டாப்புக்கு 270. மொத்தம் 1,010 லிட்டர், அதாவது 91 பார். 30 மீட்டர் ஆழத்தில் உங்கள் கேஜில் 70 பார் இருக்கும்போது கூட வந்தவர் கழுத்தில் கை வைத்து அறுப்பது போலக் காட்டினால், முழுதாக மேலே கொண்டுவர உங்களிடம் காற்று இல்லை. அந்த நிலையில் சேஃப்டி ஸ்டாப்பை விட்டுவிட்டு நேராக ஏற வேண்டியதுதான், கட்டாய டீகம்ப்ரஷன் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வழியில் நிற்பது) இல்லாத டைவில் அது ஏற்கத்தக்கதே. ஆனால் அந்த நிலைக்கே போகாமல் இருக்க வழி இருக்கும்போது ஏன் போக வேண்டும்?

ஆகவே 50 பார் என்பது படகில் ஏறும்போது இருக்க வேண்டிய மிச்சம். அடியிலிருந்து கிளம்ப வேண்டிய எண் வேறு, அது ஆழத்துக்கு ஆழம் மாறும். டைவுக்கு முன்பே இருவரும் அந்த எண்ணைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், 18 மீட்டருக்கு 70, 30 மீட்டருக்கு 100 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் ஞாபகத்தில் நிற்கும். இருவரில் யார் கேஜ் முதலில் அந்த எண்ணைத் தொட்டாலும் இருவரும் கிளம்ப வேண்டும். உங்கள் சிலிண்டர் அளவு வேறு என்றால் அந்த லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள், மற்றபடி கணக்கு இதேதான்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்: மகள் தோழிகளுடன் அந்தமான் போகிறாள், ஹாவ்லாக்கில் டைவ் செய்யப் போகிறாளாம். கருவிகள் எல்லாம் அங்கேயே வாடகைக்கு. அவள் எதைக் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பட்டும்?

வணக்கம் அம்மா. மகள் சர்டிஃபிகேட் வாங்கியவரா, பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு போகும் முதல்முறை டைவா என்று நீங்கள் எழுதவில்லை. முதல்முறை என்றால் பயிற்சியாளர் கை எட்டும் தூரத்திலேயே இருப்பார், மூச்சை அடக்காமல் தொடர்ந்து இழுத்து விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், அது போதும்.

சர்டிஃபிகேட் இருக்கிறது என்றால் இதைச் சொல்லுங்கள். வாயில் வைக்கும் ரெகுலேட்டரில் மட்டும் மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு விடக் கூடாது, ஆக்டோபஸிலும் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு இழுக்க வேண்டும். இழுக்கும்போது கேஜ் முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். பிறகு தன் ஜோடியிடம் போய், உனக்குக் காற்று தீர்ந்தால் இதோ இதை எடு, எனக்குத் தீர்ந்தால் நான் எதை எடுக்கட்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம். மற்றவர் ஆக்டோபஸ் எந்தப் பக்கம், எப்படிக் கழற்றுவது என்று கையால் ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும்.

பலருக்குத் தோன்றாத ஒன்றையும் சொல்கிறேன். காற்று தீர்ந்தவர் மேலே வந்த பிறகும் ஆபத்து முடியவில்லை. பி.சி.டி.யை ஊத வைக்கும் பட்டனும் அதே சிலிண்டரின் காற்றில்தான் வேலை செய்கிறது. சிலிண்டர் காலி என்றால் பட்டனை அழுத்தினால் ஒன்றும் வராது. வாயால் ஊத வேண்டும், அல்லது எடைப்பட்டையைக் கழற்றி விட வேண்டும். எடையைக் கழற்றும் பிடி எங்கே இருக்கிறது என்று மகளும் அவர் ஜோடியும் படகிலேயே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

லவ்டேலிலிருந்து ஒரு வாசகர்: துணை டைவரை நம்புவதைவிடத் தனியாக ஒரு குட்டி சிலிண்டர் எடுத்துப்போவது மேல் இல்லையா?

நல்ல யோசனைதான், அளவு சரியாக இருந்தால். கையடக்கமாக விற்கும் சின்ன சிலிண்டர் ஒன்றில் 85 லிட்டர் காற்று. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், 30 மீட்டரில் பயந்தவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 120 லிட்டர், ஆக முக்கால் நிமிடம்கூட வராது. 10 மீட்டரிலிருந்து நேராக மேலே வர அது உதவும், அதற்குக் கீழே நான் அதை நம்ப மாட்டேன். 3 லிட்டர் போனி பாட்டிலில் (தனியாக மாட்டிப்போகும் துணை சிலிண்டர்) 200 பார் நிரப்பினால் 600 லிட்டர், 30 மீட்டரிலிருந்து ஒருவர் சேஃப்டி ஸ்டாப்போடு வர அது போதும். தனி ரெகுலேட்டர், தனி கேஜ், மாட்டுவதற்குப் பட்டை எல்லாம் வேண்டும், விமானத்தில் கொண்டுபோவதும் சிரமம்.

போனி இருக்கிறது என்று ஜோடியை விட்டு விலகிப் போகாதீர்கள். வலையில் மாட்டினால், கால் பிடித்துக்கொண்டால், போனி பாட்டில் என்ன செய்யும்?

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி: டைவ் கருவிகளை வருடத்தில் பத்து மாதம் பீரோவில்தான் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஈரத்தில் மவுத்பீஸில் கருப்புப் புள்ளி வந்துவிட்டது. என்ன செய்வது?

அது பூஞ்சை. மவுத்பீஸை மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். ஆனால் வெளியே தெரிகிற இடத்தில் வந்திருந்தால் உள்ளே டயஃப்ரம், வெளியேற்று வால்வு பக்கமும் வந்திருக்கும், அதனால் சர்வீஸுக்குக் கொடுத்து இரண்டு செகண்ட் ஸ்டேஜையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் என்று அழுத்திச் சொல்கிறேன், ஆக்டோபஸை எல்லாருமே மறந்துவிடுகிறார்கள், அடுத்தவர் உயிர் அதில்தான் இருக்கிறது.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடி இறுக்கமாக இருக்கட்டும், செகண்ட் ஸ்டேஜில் காற்றைப் பீய்ச்சிவிடும் பர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள், அழுத்தினால் தண்ணீர் ஹோஸுக்குள் போகும். மேட்டுப்பாளையத்துக்குக் கீழேயே, வெயில் இருக்கும் ஊரில், நிழலில் முழுதாகக் காயவைத்துவிட்டு மலையேறுங்கள். ஜூன் மாதத்து ஊட்டியில் எது காயும்? பீரோவில் அந்துருண்டை போடாதீர்கள், அந்த ஆவியை நீங்கள்தான் சுவாசிக்க வேண்டிவரும். அடுத்த பயணத்துக்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியை மாட்டிய நிலையில், சிலிண்டர் இல்லாமல், ஒவ்வொரு செகண்ட் ஸ்டேஜிலும் மெதுவாக மூச்சை இழுங்கள். காற்று வரக் கூடாது. தொடர்ந்து வந்தால் எங்கேயோ கசிகிறது, தண்ணீருக்குள் அதே வழியில் தண்ணீர் வரும்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்: காலையில் ராமேஸ்வரம் பக்கம் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே மாலை வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். விமானத்தில் போனால்தானே ஆபத்து?

வேண்டாம். உங்கள் உடம்புக்கு விமானமும் தெரியாது, காரும் தெரியாது, வெளியே காற்றழுத்தம் குறைவதுதான் தெரியும். டைவில் அழுத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறி முடிவதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது குமிழியாகலாம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், ஊட்டி சுமார் 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான், விமானத்துக்குள் வைத்திருக்கும் அழுத்தத்துக்குச் சமம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு 2002-ல் நடத்திய கூட்டத்திலிருந்து பின்பற்றப்படும் வழிகாட்டுதல், 610 மீட்டர் முதல் 2,438 மீட்டர் வரையிலான உயரத்துக்குப் போவதற்கு இப்படிச் சொல்கிறது: டீகம்ப்ரஷன் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம், டீகம்ப்ரஷன் ஸ்டாப் தேவைப்பட்ட டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாக அதிகம். எல்லாவற்றுக்கும் 24 என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், அந்த அட்டவணையின் எல்லைக்கே மேலே, அதனால் விருந்தாளிகளை டைவ் முடித்த கையோடு அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

நீங்கள் மதுரையிலோ வத்தலக்குண்டிலோ ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள். நீலகிரிக்காரர்களுக்கு கோவையோ மேட்டுப்பாளையமோ, இரண்டுமே 610 மீட்டருக்குக் கீழ்தான். கர்நாடகத்தில் நேத்ராணித் தீவில் டைவ் செய்துவிட்டு மைசூர் வழியாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும், மைசூரே சுமார் 760 மீட்டர், அங்கே தங்குவது கணக்கில் சேராது, கடற்கரையிலேயே நேரத்தைக் கழித்துவிட்டுக் கிளம்புங்கள்.

காற்றைப் பகிர்ந்துகொண்டு அவசரமாக மேலே வந்த டைவாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். வேகமாக ஏறியிருப்பீர்கள், ஸ்டாப்பை விட்டிருப்பீர்கள். அன்றைக்கு மறுபடி டைவ் வேண்டாம். மூட்டு வலி, மரத்துப்போவது, வழக்கத்துக்கு மீறிய அசதி, தலைசுற்றல் எது வந்தாலும் மலையேறக் கூடாது, ஆக்ஸிஜன் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் டைவ் செய்தேன் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கீழே நன்றாக இருந்து, பாதி மலையில் இந்த அறிகுறி தெரிந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்துதான் டைவ் செய்வோம். மலையில் இருந்துகொண்டு காற்றுப் பகிர்வை எப்படிப் பழகுவது? மூன்று பேரில் யார் யாருக்குக் கொடுப்பது?

பழகுவதற்குக் கடல் வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில் ரெகுலேட்டரையும் பி.சி.டி.யையும் மாட்டிக்கொண்டு எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் சைகை காட்ட, மற்றவர் எடுத்துக் கொடுக்க, வாங்கியவர் வாயில் வைத்து பர்ஜ் பட்டனைத் தொட, இருவரும் வலது கையால் ஒருவர் முன்கையை ஒருவர் இறுக்கிப் பிடிக்க, இடது கை பி.சி.டி.யின் காற்றை வெளியேற்றும் பட்டனுக்குப் போக, கேஜைப் பார்த்து, மேலே போகலாம் என்று கட்டைவிரல் காட்ட, இது அத்தனையும் பேச்சில்லாமல் நடக்கும்வரை செய்யுங்கள். பிறகு வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யட்டும். மாஸ்க் கழன்றுவிட்டால் கடலில் அப்படித்தான் இருக்கும். ஏறும்போது வாங்குபவரின் பி.சி.டி.யில் இருக்கும் காற்றும் விரியும், அதை அவரேதான் விட வேண்டும், கொடுப்பவரால் இரண்டையும் பார்க்க முடியாது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். இதெல்லாம் கோர்ஸில் கற்றதைக் கை மறக்காமல் வைத்துக்கொள்ளத்தான். தண்ணீருக்குள் செய்வது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கடலுக்குப் போனதும் முதல் டைவின் தொடக்கத்தில், 5 மீட்டரிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கீழே போகலாம் என்று அவரிடம் கேளுங்கள், நல்ல பயிற்சியாளர் மறுக்க மாட்டார்.

மூன்று பேர் என்றால் காற்று தீர்ந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் போவார், அவ்வளவுதான், பெயர் சொல்லி முன்கூட்டியே ஒதுக்க வேண்டாம். ஆனால் மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்கக் கூடாது. பகிர்ந்துகொண்டிருக்கும் இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே வேலையாக இருக்கும், ஆழமும் வேகமும் அவர்கள் கவனத்தில் இருக்காது. மூன்றாமவர் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அதே மட்டத்தில் நின்று, தன் டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்து நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். 5 மீட்டரில் நிற்பதா வேண்டாமா என்பதைக் கொடுப்பவரின் கேஜைப் பார்த்து மூன்றாமவரே சைகை காட்டட்டும், படகுக்குத் தெரிய மிதவையை விடுவதும் அவர் வேலை. உங்கள் மூன்று பேரில் மிதவை யாரிடம் இருக்கிறது? இல்லை என்றால் ரெகுலேட்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஆளுக்கொன்று அதை வாங்கிவிடுங்கள்.